முடியாத ஆட்டம், முழு விலை: கணினி விளையாட்டு வாங்குவோருக்கு ஒரு நுகர்வோர் பாடம்

மக்காச்சோள விதை வாங்கி விதைத்து, முளைப்பு வராமல் போனால் என்ன செய்வது என்று நைனார்பாளையம் விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விதைப் பையைப் பத்திரப்படுத்துவார், பில்லைத் தேடுவார், வேளாண்மை அலுவலரைக் கூப்பிட்டு வயலைக் காட்டுவார். பையின் மேல் அச்சிட்டிருந்த முளைப்புத்திறன் ஒன்று, வயலில் வந்தது வேறொன்று. புகார் அவ்வளவுதான்.

அதே வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை, சேர்த்து வைத்த மூவாயிரத்து ஐந்நூறு ரூபாயைக் கொடுத்து ஒரு கிரிக்கெட் விளையாட்டைக் கணினியில் இறக்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். பத்தாவது ஓவரில் திரை உறைந்து நிற்கிறது. அடித்த பந்து தரைக்குள் புதைகிறது. "கேம்தானடா, விட்டுத்தள்ளு" என்கிறார் அப்பா. "அப்டேட் வரும்ப்பா, சரியாயிடும்" என்கிறான் பிள்ளை. விதைக்கு ஒரு நியாயம், விளையாட்டுக்கு ஒரு நியாயம் என்று சட்டத்தில் இல்லை. பை மேல் அச்சிட்டது எப்படி ஒரு வாக்குறுதியோ, அப்படித்தான் விளம்பர வீடியோவில் காட்டியதும். இந்தப் பாடம் அதைப் பற்றியது.

முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துவிடுவோம். பணம் கட்டி ஆடும் ரம்மி, போக்கர் போன்றவை இங்கே பேச்சில்லை. அவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டுச் சட்டமும், நாடு முழுமைக்கும் 2025-ஆம் ஆண்டுச் சட்டமும் தனியாக உள்ளன. நாம் பேசுவது, விலை கொடுத்து வாங்கி வீட்டில் ஆடும் கிரிக்கெட், கால்பந்து, மல்யுத்தம் போன்ற விளையாட்டுகளைப் பற்றி.

விற்றுவிட்டு முடிக்கும் பழக்கம்

இன்று முப்பதைத் தாண்டிய பலருக்கு பிரவுசிங் சென்டரில் ஆடிய "கிரிக்கெட் 07" நினைவிருக்கும். இஏ ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 2006 நவம்பரில் வெளியிட்டது. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் கிரிக்கெட் விளையாட்டுத் தொடரையே நிறுத்திவிட்டது. உரிமம் பெறாத அணிகளின் வீரர் பெயர்கள் எழுத்து மாறித்தான் இருக்கும். ரசிகர்களே பெயரைத் திருத்தி, ஜெர்சியை மாற்றி, வருடக்கணக்காக அதை ஆடினார்கள். குறை இல்லாத விளையாட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் வட்டில் வந்தது முழு விளையாட்டு. வட்டை அச்சடித்த பிறகு திருத்துவது கடினம் என்பதால், அச்சுக்குப் போகும் முன்பே சோதித்து முடிக்க வேண்டிய கட்டாயம் அந்தக் காலத்தில் இருந்தது.

இணைய வேகம் கூடியதும் அந்தக் கட்டாயம் போய்விட்டது. இன்றைக்கு வெளியிடு, நாளைக்குத் திருத்து என்றாயிற்று. திருத்தம் அனுப்ப முடிவது நல்ல வசதிதான். அந்த வசதியை நம்பி, முடியாததை முடிந்தது என்று விற்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

கிரிக்கெட்டிலேயே இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு உண்டு. பெயர் "ஆஷஸ் கிரிக்கெட் 2013". ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள ட்ரிக்ஸ்டார் கேம்ஸ் உருவாக்கியது, 505 கேம்ஸ் வெளியிட்டது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா கிரிக்கெட் வாரியங்களின் உரிமம் வாங்கிய அதிகாரப்பூர்வ விளையாட்டு. 2013-இல் இங்கிலாந்தில் நடந்த ஆஷஸ் தொடரை ஒட்டி வரவேண்டியது, தள்ளிப்போனது. அந்த வருடக் கடைசியில் ஆஸ்திரேலியாவில் அடுத்த ஆஷஸ் வந்தது. நவம்பர் 21-ஆம் தேதி பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட் தொடங்க, மறுநாள் ஸ்டீம் என்ற இணையக் கடையில் விளையாட்டு விற்பனைக்கு வந்துவிட்டது.

வாங்கியவர்கள் பதிவு செய்த வீடியோக்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. பந்து ஒரு பக்கம், பீல்டர் ஒரு பக்கம். சில நாள்களுக்குள் விளையாட்டு கடையிலிருந்து எடுக்கப்பட்டது. 505 கேம்ஸ் மன்னிப்புக் கேட்டு, திட்டத்தையே கைவிடுவதாக அறிவித்தது. வாங்கியவர்களுக்கு முழுப் பணமும் திரும்பியது.

பணம் திரும்பியது நல்ல முடிவுதான், ஆனால் கேள்வி அதற்கு முன்னால் இருக்கிறது. தரம் சரியில்லை என்பது நவம்பர் 22-க்குப் பிறகுதான் தெரியவந்தது என்று யாராவது சொல்ல முடியுமா? பத்து நிமிடம் ஆடிப் பார்த்தவருக்கே தெரிந்தது, மாதக்கணக்கில் உருவாக்கியவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? டெஸ்ட் தொடர் யாருக்காகவும் காத்திருக்காது. தேதியைப் பிடிக்க விளையாட்டு வெளியே தள்ளப்பட்டது என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். அடுத்த ஆண்டே, அதே மெல்போர்னில் இருந்து பிக் ஆன்ட் நிறுவனத்தின் "டான் பிராட்மன் கிரிக்கெட் 14" வந்து ரசிகர்களிடம் நல்ல பெயர் வாங்கியது. கிரிக்கெட் விளையாட்டைச் சரியாகச் செய்யவே முடியாது என்ற சாக்குக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

மல்யுத்தப் பிரியர்களுக்குத் தெரிந்த கதை "டபிள்யூ டபிள்யூ இ 2கே20". 2019 அக்டோபர் 22-இல் வெளியானது. நீண்ட காலமாக அந்தத் தொடரை உருவாக்கி வந்த ஜப்பானின் யூக்ஸ் நிறுவனம் விலகிய பிறகு, விஷுவல் கான்செப்ட்ஸ் தனியாகச் செய்த முதல் விளையாட்டு. முகங்கள் சிதைந்தன, ஆட்கள் மேடைக்குள் அமிழ்ந்தார்கள். இதில் உச்சம் 2020 ஜனவரி 1: புத்தாண்டு பிறந்ததும் விளையாட்டு திறக்கவே மறுத்தது! கருவியின் தேதியை 2019-க்குத் திருப்பி வைத்தால் திறந்தது. நாள்காட்டி மாறும் என்பதைக்கூடச் சோதிக்காமல் விற்ற சரக்கு. மறு ஆண்டு வரவேண்டிய பதிப்பு ரத்தாயிற்று. 2022 மார்ச்சில்தான் அடுத்தது வந்தது.

இன்னொன்று நம் ஊர் டேட்டா பேக்கோடு தொடர்புடையது. 2015 செப்டம்பரில் வந்த "டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் 5" என்ற ஸ்கேட்டிங் விளையாட்டின் வட்டில் இருந்ததைவிட, முதல் நாளே இறக்கவேண்டிய திருத்தம் பெரியது. அந்தத் திருத்தம் மட்டும் சுமார் 7.7 ஜிபி. நாளொன்றுக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருக்கும் வீட்டில், கடையில் வாங்கிய பொருளை முழுமையாக்க ஆறு நாள் டேட்டா போகும். விலைச் சீட்டில் இது எங்கே இருக்கிறது?

எல்லாமே மோசம் என்று எழுதினால் நியாயமாகாது. 2021 செப்டம்பர் 30-இல் கொனாமி வெளியிட்ட "இ-ஃபுட்பால் 2022" உலகம் முழுக்கக் கேலிக்கு ஆளானது. இலவச விளையாட்டு அது. ஆனால் அதற்கான கட்டணத் தொகுப்புக்கு முன்பதிவு செய்தவர்கள் இருந்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. முழுப் பதிப்பை 2022-க்குத் தள்ளியபோது முன்பதிவுகளை ரத்து செய்து பணத்தைத் திருப்பியது. அதற்கும் முன்னால் 2010-இல் இஏ நிறுவனம் "என்பிஏ எலீட் 11" என்ற கூடைப்பந்து விளையாட்டைச் சரியில்லை என்று தெரிந்ததும் விற்பனைக்கு விடாமலே நிறுத்திக்கொண்டது. செலவு நிறுவனத்துக்கு, வாங்குபவருக்கு நட்டமில்லை.

யார் பொறுப்பு?

உருவாக்கியவர்களைத் திட்டித் தீர்ப்பது எளிது. ஆனால் சின்னசேலம், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பிசிஏ, இன்ஜினியரிங் முடித்துச் சென்னைக்குப் போகும் நம் பிள்ளைகளில் பலருக்கு முதல் வேலையே மென்பொருள் சோதனைதான். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "பக் எல்லாம் நாங்க எழுதித்தான் குடுத்தோம் சார், தேதி மாத்த முடியாதுன்னுட்டாங்க" என்பார்கள். குறை பெரும்பாலும் தெரிந்தே வெளியே போகிறது. எதைத் திருத்துவது, எதை அப்படியே விடுவது என்று ஒரு பட்டியல் போட்டு, மேலே இருப்பவர் கையெழுத்திடுகிறார். விளையாட்டுத் துறையில் இது இன்னும் கடுமை: போட்டித் தொடரின் தேதி, வாரிய உரிமத்தின் காலக்கெடு, வருடத்துக்கொரு பதிப்பு என்று மூன்று பக்கமும் நெருக்கும்.

மென்பொருள் பொறியாளர்களுக்கென்று ஏசிஎம், ஐஇஇஇ என்ற இரு பன்னாட்டு அமைப்புகள் 1999-இல் ஒரு நெறிமுறைத் தொகுப்பை வெளியிட்டன. சொன்ன விவரக்குறிப்புக்குப் பொருந்துகிறது, தகுந்த சோதனையில் தேறுகிறது என்று தக்க காரணத்தோடு நம்பினால் மட்டுமே மென்பொருளுக்கு ஒப்புதல் தரவேண்டும் என்பது அதன் கருத்து. நெறிமுறை என்பது சட்டம் இல்லை. மீறினால் அபராதம் கிடையாது. ஆனால் ஒப்புதல் கையெழுத்து யாருடையது என்ற கேள்வியை அது எழுப்புகிறது.

முடியாததை விற்பதே தவறு என்றும் இல்லை. ஸ்டீம் கடையில் 2013 முதல் "முன்கூட்டிய அணுகல்" என்ற பிரிவு உண்டு. இது பாதி நிலையில்தான் இருக்கிறது, பிடித்தால் வாங்குங்கள் என்று வெளிப்படையாக எழுதியிருப்பார்கள். வாங்குபவருக்கு விஷயம் தெரியும். பிஞ்சைப் பிஞ்சு என்று சொல்லி விற்பவரிடம் யாருக்கும் சண்டை இல்லையே.

சட்டம் என்ன சொல்கிறது

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில். அதில் "குறைபாடு" என்பதற்கான விளக்கம் நமக்கு முக்கியம். சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்கவேண்டிய தரம் மட்டும் கணக்கில்லை. வணிகர் எந்த விதத்திலாவது இருப்பதாகச் சொல்லிக்கொண்ட தரத்திலும் குறைந்தால் அது குறைபாடுதான். விளம்பர வீடியோ, கடைப் பக்கத்தில் எழுதிய சிறப்பம்சங்கள், அட்டைப் படம் எல்லாம் இதற்குள் வரும். "ஆன்லைனில் நண்பர்களோடு ஆடலாம்" என்று எழுதியிருந்து, அந்த வசதி வேலை செய்யவில்லை என்றால் சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று.

"இது பொருளே இல்லை, வெறும் ஃபைல்" என்று வாதிடுவார்கள். இதே சட்டம் மின்னணு வணிகம் என்பதற்கு விளக்கம் சொல்லும்போது டிஜிட்டல் பொருள்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அதற்கும் முன்பே, 2004-இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் வழக்கில், கடையில் விற்கும் தயார்நிலை மென்பொருள் சரக்குதான், விற்பனை வரி உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. (வரி போடும்போது சரக்கு, குறை சொல்லும்போது காற்று என்றால் எப்படி?) சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் இருக்க, புகாரில் "பொருளில் குறைபாடு, சேவையிலும் குறைபாடு" என்று இரண்டையும் எழுதிவிடுவது நல்லது.

போதுமான, முறையான சோதனை செய்யாமல் ஒரு பொருளின் செயல்திறனுக்கு உறுதி தருவது "நேர்மையற்ற வணிக நடைமுறை" என்றும் சட்டம் சொல்கிறது. முடியாத விளையாட்டுகளுக்கென்றே எழுதியது போல இருக்கிறது!

மின்னணு வணிக விதிகள், 2020 இன்னும் நேரடியானவை. இணையக் கடை ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் இல்லாத பொருளுக்குப் பணத்தைத் திருப்ப மாட்டேன் என்று விற்பனையாளர் சொல்லக் கூடாது. இந்தியாவில் பதிவு செய்யாத நிறுவனமாக இருந்தாலும், இங்குள்ளவர்களுக்கு முறையாக விற்பனை செய்தால் இவ்விதிகள் பொருந்தும். 2023 நவம்பரில் வந்த "டார்க் பேட்டர்ன்" தடுப்பு வழிகாட்டுதல்கள் பொய்யான அவசரத்தை உண்டாக்குவதைத் தடை செய்கின்றன. முடியப்போகாத சலுகைக்கு "இன்னும் 2 மணி நேரம்தான்" என்று கடிகாரம் ஓடவிடுவது அந்த வகை.

ஒப்பந்தத்தில் "நான் ஏற்கிறேன்" என்று தட்டிவிட்டோமே, நடுவர் மன்றத்துக்குத்தான் போகணும்னு அதுல இருக்காமே என்று பயப்பட வேண்டாம். நடுவர் மன்ற நிபந்தனை இருப்பதாலேயே நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடிவிடாது என்று எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

வெளிநாட்டிலும் இப்படித்தான் வழி பிறந்தது. பணம் திருப்புவது பற்றி வாங்கியவர்களுக்குத் தவறான தகவல் தந்ததற்காக, ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு 2016-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அந்த வழக்கு நடந்துகொண்டிருந்த 2015 ஜூனில்தான், வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பத் தரும் முறையை ஸ்டீம் கொண்டுவந்தது. இன்று நம் ஊர்ப் பிள்ளையும் அதைப் பயன்படுத்தலாம்.

என்ன செய்ய வேண்டும்

அந்த இரண்டு மணி நேரத்தை வீணாக்காதீர்கள். முதல் நாளே எல்லா வசதிகளையும் தொட்டுப் பாருங்கள்: ஒரு முழு ஓவர், ஒரு ஆன்லைன் ஆட்டம், சேமித்து மூடி மறுபடி திறப்பது. கூகுள் பிளேயில் வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் பணம் திரும்பக் கேட்கலாம். வெளியீட்டுக்கு முன்பே முன்பதிவு செய்வதில் வாங்குபவருக்கு லாபம் எதுவும் இல்லை. இறக்கி ஆடும் விளையாட்டு கையிருப்புத் தீர்ந்துபோகும் பண்டமா என்ன?

ஆதாரம் சேர்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விதை வழக்கு ஒன்றில் 2012-இல் உச்ச நீதிமன்றம், விவசாயி எல்லா விதையையும் விதைத்துவிடுவார், சோதனைக்கென்று ஒரு பிடி எடுத்து வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என்று கருதியது. அந்தச் சலுகையை விளையாட்டு வாங்குபவர் நம்பியிருக்கத் தேவையில்லை. செல்போன் கையிலேயே இருக்கிறது. ஆனால் ஒன்று, திருத்தம் வந்துவிட்டால் பழைய குறை மறைந்துவிடும். விளம்பர வீடியோவும் கடைப் பக்கத்து வாசகமும்கூட மாறலாம். எனவே வாங்கிய அன்றே கடைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். குறை வரும்போது தேதியும் விளையாட்டின் பதிப்பு எண்ணும் தெரியும்படி வீடியோ எடுங்கள். உங்கள் கணினி, அவர்கள் சொன்ன குறைந்தபட்சத் தகுதியைக் கொண்டது என்பதையும் ஒரு படம். "உங்க சிஸ்டம்தான் சரியில்லை" என்பதுதான் முதலில் வரும் பதில்.

பிறகு படிப்படியாக: இணையக் கடையின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார். பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்தே புகார் தரலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. விற்றவர் மும்பையில் இருந்தாலும் மெல்போர்னில் இருந்தாலும் நைனார்பாளையத்துக்காரர் தனக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இணையம் வழியே தாக்கல் செய்ய 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி தளம் உள்ளது. காணொலி மூலம் விசாரிக்கக் கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வருகிறவர்களுக்கு இது உதவும். குறை ஏற்பட்டு 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

வாங்கியவர் 18 வயது நிரம்பாதவர் என்றால் தாயோ தந்தையோ புகார்தாரர் ஆகலாம். பிரவுசிங் சென்டர் அல்லது கேம் சென்டர் நடத்தும் தம்பிகள் கேட்பார்கள்: "கடைக்கு வாங்குனா கன்ஸ்யூமர் இல்லைன்னு சொல்றாங்களேண்ணே?" வணிக நோக்கத்துக்கு வாங்கினால் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது உண்மை. ஆனால் தன் பிழைப்புக்காக மட்டும் சுயதொழிலாக நடத்துபவருக்கு அந்த விலக்கு பொருந்தாது. திருட்டு நகல் வட்டு வாங்கியவருக்கு மட்டும் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பில் இல்லை, விற்றவர் பெயர் இல்லை.

குறைதீர் அலுவலருக்கு அனுப்ப ஒரு மாதிரிக் கடிதம் கீழே. கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொள்ளலாம்.

அனுப்புநர்: ............, நைனார்பாளையம், சின்னசேலம் வட்டம், கள்ளக்குறிச்சி மாவட்டம்.
பெறுநர்: குறைதீர் அலுவலர், ............

ஐயா / அம்மா,

நான் ......... தேதியில் தங்கள் தளத்தில் ......... என்ற விளையாட்டை ரூ. ......... செலுத்தி வாங்கினேன் (ஆர்டர் எண் .........). தங்கள் விற்பனைப் பக்கத்தில் ......... வசதி இருப்பதாகக் குறிப்பிட்டுள்ளீர்கள். வாங்கிய நாள் முதல் அந்த வசதி செயல்படவில்லை. ஆட்டம் ......... முறை பாதியில் நின்றது. என் கணினி தாங்கள் குறிப்பிட்ட தகுதியைக் கொண்டது. திருத்தம் எப்போது வரும் என்பது என் கேள்வி அல்ல. விற்ற அன்று சொன்ன தரம் இல்லை என்பதே என் புகார். எனவே செலுத்திய முழுத் தொகையையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதம் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்யவும்.

இணைப்பு: பணம் செலுத்திய ரசீது, விற்பனைப் பக்கத்தின் படம், குறையைக் காட்டும் வீடியோ, கணினி விவரப் படம்.

இப்படிக்கு,
............

இதை மின்னஞ்சலில் அனுப்புங்கள். அனுப்பிய தேதியைக் குறித்து வையுங்கள். புகார் அவர்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதக் கணக்கு ஓடத் தொடங்கும்.